இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள்

“காலொடிஞ்ச கிழவருக்குச் சோறு நிறுத்திடும்மா,” என்றார் பேராசிரியர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

“பச்சைக் குழந்தைக்கு, சார்?”

“தாயே படுத்த படுக்கை. அதுக்கும் நிறுத்திடு.”

அவரிடம் தற்காலிக ஆய்வாளராக இருந்த அவள் இரண்டு எண்களைத் தட்டினாள். திரையில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் அணைந்தன.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் அது. தோண்டியெடுத்த வீடுகளையும் எலும்புகளையும் வைத்து இருநூற்றுப் பதினான்கு பேரைக் கணினிக்குள் குடியேற்றியிருந்தாள். ஏழாண்டுப் பஞ்சத்தை அந்த ஊர் எப்படித் தாண்டியது என்பதே கேள்வி. இன்றைக்குள் விடை வராவிட்டால் நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை.

எல்லாரும் பகிர்ந்து உண்பதாக வைத்து நாற்பது தடவை ஓட்டியாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் ஆண்டில் ஊரே காலி.

“நீ ரொம்ப நல்லவ. அதான் ஒருத்தர் விடாம எல்லாரையும் கொன்னுட்டே,” என்றார் பேராசிரியர்.

ஆய்வை நடத்தச் சொன்ன அதிகாரி பின்னால் அமர்ந்திருந்தார். பானை ஓடுகளைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எத்தனை பேர் மிஞ்சுனாங்க?” என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விதியை மாற்றினாள். அறுபதைத் தாண்டியவர், நோயாளி, கைக்குழந்தை, இவர்கள் யாருக்கும் இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு பிடிகூடக் கிடையாது.

கணினி ஓடியது. புள்ளிகள் கொத்துக் கொத்தாக அணைந்தன. ஏழாம் ஆண்டு முடிந்தபோது நூற்று ஐம்பத்தொருவர் மிஞ்சியிருந்தார்கள். செத்தவர்கள் அறுபத்து மூன்று. தோண்டியபோது கிடைத்த பஞ்சகாலப் புதைகுழிகளும் அதே அறுபத்து மூன்றுதான்.

“அச்சுல வார்த்த மாதிரி பொருந்துது, சார்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு கல் நெஞ்சு உனக்குள்ள இருக்குன்னு தெரியாமப் போச்சே,” என்று பேராசிரியர் சிரித்தார்.

அதிகாரி எழுந்து வந்து கனமான உறையை நீட்டினார். “வேலை நிரந்தரம்மா. சந்தோஷமா?”

மேலே நியமன உத்தரவு. அடியில் ஒரு கட்டுத் தாள்: பெயர், வயது, கதவெண், நோய். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார்.

“சார், இது?”

“பழைய ஊரை எடுத்துட்டு இதை ஏத்தும்மா. நம்ம ஊர்க் கிடங்குல மூணு மாசத்துக்குத்தான் தானியம் இருக்கு.”