எட்டுக்குப் பத்து

"ஒரு டைல்ஸ்கூட வெளிய தெரியக் கூடாதுங்க. அந்த மூலையில பாருங்க, ஒரு முழம் தெரியுது" என்றாள் விஜி.

கார்ப்பெட்டின் முனையைப் பிடித்து இழுத்த தினேஷுக்கு மூச்சு வாங்கியது.

"இது கார்ப்பெட்டா, கல்யாண மண்டபத்து ஜமுக்காளமா? கடைக்காரர் என்ன சொன்னார்? சோபாவோட முன்னங்கால் ரெண்டும் மேல ஏறினாப் போதும், அஞ்சுக்கு எட்டுதான் இந்த ஹாலுக்கு எடுப்பா இருக்கும்னார். நீதான் எட்டுக்குப் பத்துன்னு ஒத்தைக் கால்ல நின்ன."

"எடுப்பா இருக்கவா வாங்கினோம்?"

தினேஷ் மறுபடி முனையைப் பிடித்து இழுத்தான்.

அழகுக்காக வாங்கவில்லைதான். அவர்கள் மகள் மகிழினிக்கு நாலு வயது. அவளுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பள்ளியிலிருந்து வந்ததும் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, வாசல் கதவிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து வாசல் கதவு என்று டப் டப் டப் டப்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் கஜபதி. அவர் மனைவி வசந்தா பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் கை கால் வராமல், பேச்சும் இல்லாமல், சரியாக இந்த ஹாலுக்குக் கீழேதான் கட்டிலில் கிடக்கிறாள்.

போன வாரம் மாடிப்படியில் விஜியைப் பார்த்த கஜபதி, "இன்னாமா, பாப்பா ஓடறது கீய அப்டியே கேக்குது!" என்றார். அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று பார்க்கக்கூட விஜிக்குத் தைரியம் வரவில்லை. "சாரி சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டாள்.

கொரட்டூர் வீட்டை இதே காரணத்துக்காகத்தான் காலி செய்தார்கள். சின்னக் குழந்தை என்றதுமே முகத்தைச் சுளிக்கிறவர்களின் வீடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் பாரிவாக்கத்தில் கிடைத்த மாடி இது. இன்னொரு முறை அலைய இருவருக்கும் தெம்பில்லை.

சோபாவை நகர்த்தி, டிவி ஸ்டாண்டைத் தூக்கி, ஒரு வழியாகச் சுவருக்குச் சுவர் விரித்து முடித்தார்கள். வாசல் கதவுதான் பாதிக்கு மேல் திறக்காமல் கார்ப்பெட்டில் சிக்கியது.

"மகி, இப்ப ஓடு பார்க்கலாம்!"

மகிழினி பால்கனி வரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். பிறகு நின்று, தன் காலையே குனிந்து பார்த்தாள்.

"சத்தமே வரலம்மா. ஓடின மாதிரியே இல்ல."

"அப்படித்தான்டா தங்கம் இருக்கணும். கீழ பாட்டி தூங்கணும்ல? இனிமே நம்ம ஓடவே வேணாம், என்ன?"

குழந்தை சோபாவில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் பள்ளிவிட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் விஜிக்கு நிம்மதியும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கஜபதி.

பாதி திறந்த கதவில் உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். காலால் கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்தார்.

"இதான் சேதியா? இன்னா சைஸு தம்பி?"

"எட்டுக்குப் பத்து சார். இனிமே சத்தமே கேக்காது சார்."

"அதான் கேக்கலியே!" என்றார் கஜபதி. "கடக்காரன் மாத்திக் குடுப்பானா?"

விஜி முன்னே வந்தாள். "இதைவிடப் பெருசு போட இடம் இல்லையே சார்..."

"பெருசா? இன்னாத்துக்கு? சின்னதா மாத்துமா. சோபாவாண்ட மட்டும் கெடக்கிற மாரி. கதவுலேர்ந்து பால்கனி வரிக்கும் வெறுந்தரையா உடு."

தினேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு தேய்கிறது, வீட்டுக்காரருக்கு அதுதான் கவலை என்று நினைத்தான்.

"கதவுக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கறோம் சார். தரை தெரிஞ்சா இவ ஓடிடுவா சார்."

"கதவு கெடக்குது உடு தம்பி" என்றவர், சோபாவில் இருந்த மகிழினியிடம் குனிந்தார். "இன்னா கண்ணு, குந்திகினே கீற? கால் வலிக்குதா?"

"இல்ல தாத்தா. ஓடக் கூடாதாம். கீழ பாட்டி தூங்கறாங்களாம்."

கஜபதி சட்டென்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சார், தப்பு எங்க மேலதான்" என்றாள் விஜி. "அன்னிக்கு நீங்க சொன்னதும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தோம். காலி மட்டும் பண்ணச் சொல்லிடாதீங்க."

"யாரு உன்ன காலி பண்ணச் சொன்னா? நான் அன்னிக்கே முழுசா சொல்லலாம்னு வந்தேன், நீதான் நிக்காம ஓடிப் பூட்ட." கஜபதி குழந்தையின் மடக்கிய காலை மெதுவாகப் பிடித்து நீட்டிவிட்டார்.

"பாப்பா மேல டப் டப்னு ஓட ஆரமிச்சா, எங்க ஊட்டுக்காரிக்கு அந்த வராத கையில ரெண்டு வெரலு மெத்த மேல கூடவே ஓடும்மா. நீ இத்த விரிச்சதுலேர்ந்து அந்த வெரலு அசையவே மாட்டேன்து."