வாலோடு வந்த பிள்ளை

கண்ணாடித் தட்டு ஒன்றில் ஒரு மனித செல் தனியாக இருந்தது. "வளரு" என்று வெளியிலிருந்து அதற்குச் செய்தி வந்தது. செல்லின் வாசலில் நின்று செய்தியை வாங்கும் புரதமான வாசல்காரி, அதை உள்ளே கொண்டுபோகும் தூதனிடம் கொடுக்க எட்டி எட்டிப் பார்த்தாள். கை எட்டவில்லை. நடுவில் நின்று கைகோர்க்கும் அடாப்டர் புரதம் அந்த செல்லில் இல்லை. இன்றைக்குள் செய்தி சேராவிட்டால் செல் வாடிவிடும்.

அப்போது ஆய்வாளர் குத்திய ஊசி வழியாக ஒரு குட்டி அடாப்டர் உள்ளே வந்து விழுந்தது.

"எங்கடா பிறந்தே?" என்றாள் வாசல்காரி.

"பாக்டீரியா வயித்துல, அக்கா. ஆனா மனுஷ ஜீனைப் பார்த்துத்தான் செஞ்சாங்க."

"கிருமி வீட்டுப் பிள்ளையா! பின்னாடி வால் வேற தொங்குதே!"

"ஆய்வகத்துல என்னைத் தனியாப் பிடிச்சு எடுக்க ஒட்டின வால், அக்கா. யாரையும் ஒண்ணும் செய்யாது."

தூதன் சிரித்தான். "வாலு இல்லாத பிள்ளை எந்த வீட்டுல இருக்கு? சேர்த்துக்கோ அக்கா, நேரமாகுது!"

"சரி, உனக்கு என்ன வேலை தெரியும்?"

"கை பிடிக்க மட்டும்தான் தெரியும், அக்கா."

வாசல்காரி பயந்து பயந்து கையை நீட்டினாள். குட்டி ஒரு பக்கம் அவளை இறுகப் பிடித்தது, மறுபக்கம் தூதனைப் பிடித்தது. செய்தி குடுகுடுவென்று உள்ளே ஓடியது. செல் பூரிபோல உப்பியது, இடுப்பு ஒடுங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாகப் பிரியத் தொடங்கியது.

ஒடுங்கிய இடுப்பில் குட்டி திகைத்து நின்றது. "ஐயோ, இப்ப நான் எந்த வீட்டுக்குப் போறது?"

பிரியும் இரண்டு பாதிக்கும் இப்போது ஆளுக்கொரு வாசல்காரி; இருவரும் தங்கள் வாசலிலிருந்து ஒரே மூச்சில் கத்தினார்கள்: "எங்க பிள்ளைடா நீ, இங்க வா!"