என்ஜின் நம்பர்

ரமணாசிரமம் பக்கம் தங்கிப் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஜெர்மன்காரர், டார்ச் அடித்து அவர் வீட்டு பழைய பி.எம்.டபிள்யூ மோட்டார்சைக்கிளின் என்ஜின் நம்பரைக் குறித்துக்கொண்டது தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

“ரிப்பேர் பண்றவனுக்கு நம்பர் எதுக்கு? வண்டிய அமுக்கப் பாக்கறான்” என்றார் மருமகள் அன்புச்செல்வியிடம்.

“இல்ல மாமா. கம்பெனிக்கு எழுதியிருக்காரு. முதல்ல யாருக்கு வித்ததுனு சொல்லுவாங்களாம். தாத்தா பேரு வந்தா அந்தக் கடிதத்த ஃபிரேம் போட்டு மாட்டி வெக்கலாமே!”

“எங்கப்பா மெட்ராஸ்ல புதுசா வாங்கினது. ஊருக்கே தெரியும். சாட்சி வேற வேணுமா?”

ஒரு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. அன்புச்செல்வி ஆசையாகப் பிரித்தாள்.

“நிறுத்தும்மா. எவனோ எழுதினதப் படிச்சு நீ தெரிஞ்சுக்க வேணாம், நானே சொல்லிடறேன். அது யாகூப் பாய் வண்டி. மலேயா போறப்ப எங்கப்பாவ நம்பி விட்டுட்டுப் போனாரு. திரும்பி வந்து கேட்டப்ப, ‘குடுத்ததுக்குச் சாட்சி இருக்கா’னு எங்கப்பா விரட்டிட்டாரு.”

அவள் கடிதத்தைப் படித்து முடித்தாள்.

“அவர் அனுப்பின நம்பர்ல ரெண்டு எண் தேய்ஞ்சு அழிஞ்சிருக்காம் மாமா. யாருக்கு வித்ததுனு சொல்ல முடியலையாம்.”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப வெளிய சொல்லாத. சாட்சி எதுவும் இல்ல.”

“நான் இருக்கேனே மாமா” என்றாள் அன்புச்செல்வி. “யாகூப் பாய் வீடு எந்தத் தெருவுல?”