முப்பத்திரண்டாவது டேக்

ஹெட்போனில் மறுபடியும் அவன் குரல்.

"பொய்."

இது முப்பத்தோராவது முறை.

ரெஜினா மைக்கை விட்டு நகராமல் தண்ணீர் குடித்தாள். தொண்டை உள்ளே தோலுரித்த மாதிரி எரிந்தது.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைட்டஸ் உட்கார்ந்திருந்தான். இருபது வருடமாக மேடைகளை அதிரவைத்த கிட்டார்க்காரன். அவன் வருகிறான் என்றால் கல்லூரி மைதானங்களில் கம்பிவேலி சாயும். அவனே தேடி வந்து அவளுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தான். பத்துப் பாட்டு முடிந்துவிட்டது. இது பதினொன்று. கடைசி.

பாட்டின் முடிவில் ஓர் அலறல் வேண்டும். வாத்தியமெல்லாம் நின்ற பிறகு, தனியாக.

பாட்டை எழுதியவள் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் காசிமேட்டில் அவள் விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றியது. புருஷன் முடியைக் கொத்தாகப் பிடிப்பான். நெற்றியைச் சுவரில் மோதுவான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள்.

இதைப் பெற்றவளிடம்கூடச் சொன்னதில்லை. டைட்டஸிடம் சொன்னாள். போன மாதம், வரிகளைத் திருத்த உட்கார்ந்தபோது. அந்த நாட்களில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவன் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னாள்.

அவன் அழுதான். அது நடிப்பில்லை.

"நீ கத்தல ரெஜினா. பாடுற."

"இதுக்கு மேல வரலண்ணா. அன்னிக்கே நான் கத்துனதில்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைட்டஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

பிறகு கதவு திறந்தது. நாலு விரல் கனமுள்ள கதவு. தோளைக் கொடுத்துத்தான் தள்ள வேண்டும். டைட்டஸ் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மைக்கைச் சரிசெய்ய வருகிறான் என்று நினைத்து அவள் ஒதுங்கி நின்றாள்.

அவன் அவளுக்குப் பின்னால் போனான்.

முடியைக் கொத்தாகப் பிடித்தான்.

பிடரிக்குச் சற்று மேலே. சரியாக அவள் சொன்ன இடத்தில்.

"இப்படித்தானே புடிப்பான்?"

நெற்றி சுவரில் மோதியது. பஞ்சு ஒட்டிய சுவர். வலி பெரிதில்லை.

இரண்டாவது முறையும் மோதினான்.

கண்ணாடி வழியே ஒலிப்பதிவாளர் அன்வர் தெரிந்தார். வாய்க்கு வாய் அவளை "மா" போட்டுப் பேசுகிறவர். பதறி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். பதிவை நிறுத்தவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அந்த அலறல் வந்தது.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. முடிந்தபோது அவள் முட்டி மடங்கித் தரையில் கிடந்தாள். கால்சட்டை நனைந்திருந்தது.

"இதான்! இதான்டி!" டைட்டஸ் கை தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. "இதுக்காகத்தான். நாளைக்கு நீயே எனக்குத் தேங்க்ஸ் சொல்லுவ, பாரு."

புருஷனும் அடித்து முடித்த பிறகு கண் கலங்குவான்.

டைட்டஸ் வாசலைத் தாண்டி வெளியே நின்றான். இடது கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு, அன்வரைப் பார்த்து வலது கட்டைவிரலை உயர்த்தினான்.

இடது கை. கிட்டார்க் கழுத்தில் ஓடுகிற கை.

அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுந்தாள்.

தோளைக் கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் கதவின் மேல் எறிந்தாள்.

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்.

டைட்டஸ் அலறினான். அவள் உடனே தோளை எடுக்கவில்லை.

அன்வர் ஓடி வந்து கெஞ்சிய பிறகுதான் எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக அழைத்த டைட்டஸின் கார் மதிய வெயிலில் எங்கோ சிக்னலில் நின்றிருந்தது. வரப் பத்து நிமிடமாகும் என்றான் டிரைவர் போனில். டைட்டஸ் சோபாவில் சரிந்து கிடந்தான். கையைச் சுற்றிய துண்டு ஊறிச் சிவந்துகொண்டிருந்தது. போலீஸ் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. ரெஜினா ஈரக் கால்சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். போகவில்லை.

"போடு," என்றான் டைட்டஸ். உதடு வெளுத்திருந்தது. "கேக்கணும்."

அன்வர் அவனைப் பார்த்தார்.

"போடுய்யா!"

அன்வர் போட்டார்.

பாட்டு முடிந்தது. மௌனம். இப்படித்தானே புடிப்பான். தொம். தொம். பிறகு அவள்.

வலியிலும் டைட்டஸின் தலை மெல்ல ஆடியது. கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாள் தேடியது இதுதான் என்பது போல.

அன்வர் நிறுத்தப் போனார். ரெஜினா கையைக் காட்டித் தடுத்தாள்.

கைதட்டல். இதுக்காகத்தான். காலடிகள். முருங்கைக்காய்.

பிறகு அவன்.

நீளமான அலறல். மூச்சு தீர்ந்த இடத்தில் ஒருமுறை உடைந்து, மறுபடியும் எழுந்தது. சுதி இல்லை, அழகு இல்லை. கடைசியில் "அம்மா" என்று ஒரு சொல். இருபது வருடத்தில் எந்த மேடையிலும் யாரும் அவனிடமிருந்து கேட்டிராத குரல்.

டைட்டஸின் தலை ஆடவில்லை.

"அன்வரண்ணா," என்றாள் ரெஜினா. குரல் போய்க் காற்றாகத்தான் வந்தது. "என்னோடத எடுத்துருங்க. அவரோடது இருக்கட்டும்."

அன்வர் பழக்கத்தில் டைட்டஸைப் பார்த்தார். பத்துப் பாட்டிலும் அவனைக் கேட்காமல் ஒரு மூச்சுச் சத்தத்தைக்கூட அவர் நீக்கியதில்லை.

டைட்டஸ் கண்ணைத் திறக்கவில்லை. கீழே கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

அன்வர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"எங்கேர்ந்துமா வெட்டணும்?"