மாலை படாத பெயர்

கோயில், குளம், திருவிழா என்று ஊர் ஊராகப் போய் எழுதும் நிருபர் கலைமணி, கீரப்பாளையத்தில் கணவன் சிங்காரத்தை இழந்த ராசம்மாளிடம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறாள். கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் வெயில் சுவரிலுள்ள சிங்காரத்தின் படத்தில் விழுகிறது. சிதம்பரம் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் மனிதர், கட்டையைத் தோளில் சாய்த்துச் சிரிக்கிறார். போன வருஷம் அவரைப் பற்றி எழுதியபோது கலைமணி எடுத்த படம். பேப்பரிலிருந்து வெட்டி, அடியில் அச்சான ‘படம்: கலைமணி’ என்ற வரியோடு அப்படியே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். "அவரு சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதாம்மா. ஆதார் கார்டுல கூட மொறச்சிக்கிட்டு இருக்காரு" என்று ராசம்மாள் முந்தானையால் படத்தைத் துடைக்கிறாள். கணவனின் நெற்றியில் குங்குமம் வைத்து, கதம்பத்தை மாட்டுகிறாள். சரம் நீண்டு கீழே தொங்க, பதறிப்போய் அதைத் தூக்கி ஆணியில் சுற்றுகிறாள். "இருக்கட்டும்க்கா, அழகாத்தானே இருக்கு" என்கிறாள் கலைமணி. ராசம்மாளின் விரல் அந்தக் கடைசி வரியைத் தடவுகிறது. "கீழ ஒம் பேரு இருக்குதே. வெட்டிப் போட மனசு வரல. அவரு மால அதுமேல படலாமா? நீ நல்லாருக்கணும்."