கறுப்பு முத்து

ஹென்றி மறுபடியும் ரப்பரை எடுத்தார். அரை மணி நேரத்தில் இது ஏழாவது தடவை. எமில்டா எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பாளையங்கோட்டை ரோட்டில் இருந்த அந்த நரம்பு டாக்டர் கிளினிக்கில் நிற்கக்கூட இடமில்லை. ஹென்றியின் மடியில் எமில்டா பென்சிலால் வரைந்த சுடோகு கட்டம். வீட்டில் முடியாததை இங்கேயாவது முடிக்கட்டும், இல்லாவிட்டால் டாக்டரிடம் சாட்சியாகக் காட்டலாம் என்று அவள்தான் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

பேப்பரில் வருகிற சாதாரண சுடோகு இல்லை அது. கட்டங்களுக்கு நடுவே வெள்ளை முத்து, கறுப்பு முத்து என்று வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஷிப்பிங் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒன்பது வருடமாக வாரத்துக்கு ஒன்று அவள் உருவாக்குகிறாள். முதலில் போட்டுப் பார்ப்பவர் ஹென்றி. கம்ப்யூட்டரில் ஏற்றி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதும் அவர்தான்.

முன்பெல்லாம் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று வம்பிழுப்பார் மனுஷன். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு ஓட்டியவர். ஒரு மிதவை பாக்கியில்லாமல் மனப்பாடம். மூன்று மாதமாகத்தான் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒரே கட்டத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுகிறார். எழுதுகிறார், அழிக்கிறார், அவள் பக்கத்தில் வந்தால் தாளை மடித்துக்கொள்கிறார்.

குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாரம் தவறாமல் நாற்பது பேராவது முடித்து அனுப்புகிறார்கள். துபாயில் இருக்கும் காயல்பட்டினத்து மூஸா நெய்னா, "அக்கா, உங்க முத்து என் லீவு நாளையே முழுங்கிட்டுது, ஆனா போட்டு முடிச்சிட்டேன்" என்று போன வாரம்கூட எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் எமில்டாவுக்கு உறைத்தது. ஊரெல்லாம் போடுகிறது, இவரால் முடியவில்லையே.

"நம்ம டோக்கன் எத்தனை?" என்று எமில்டா கேட்டாள்.

"பதினாலுன்னு சொன்னேம்லா."

"உள்ள எத்தனை போயிருக்கு?"

"பன்னெண்டு. கொஞ்சம் சும்மா இரேன், ஏளா."

சும்மா எங்கே இருப்பது? கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், எதற்குத் திறந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

காய்ச்சல் மாத்திரை போடச் சொன்னாலே மூன்று நாள் சண்டை பிடிக்கிற ஆள் இவர். "நரம்பு டாக்டரைப் பார்ப்போமா?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதும், "நாளைக்கே போவோம்" என்று அவரே போன் செய்து டோக்கன் போட்டுவிட்டார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அப்படியென்றால் இவருக்கே தெரிந்திருக்கிறது.

"எமில்டா, இந்த அஞ்சு கண்டிப்பா இங்கனதான் இருக்கணுமா?"

அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. குரலைத் தணித்துக்கொண்டு, முதல் நாள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும்தான் நம்பர். வெள்ளை முத்துன்னா ரெண்டு பக்கமும் அடுத்தடுத்த நம்பர். கறுப்பு முத்துன்னா ஒண்ணு இன்னொண்ணுல ரெண்டு மடங்கு. ஒம்பது வருசமா போடுதீங்க, விதியையுமா மறந்துட்டீங்க?"

"விதி ஞாபகம் இருக்கு."

"பெறகென்ன? அஞ்சுக்குப் பக்கத்துல கறுப்பு முத்து இருக்குல்லா. அங்கன இருந்து ஆரம்பிங்க. பக்கத்துக் கட்டம் தன்னால விழுந்துரும்."

ஹென்றி தாளைப் பார்த்தார். அப்புறம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். ரப்பரை எடுத்து அந்த முத்தையே அழித்தார்.

எழுதிய எண்ணை அழிக்கலாம். புதிரிலேயே கொடுத்திருக்கிற முத்தை யாராவது அழிப்பார்களா? முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர், ஒருநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டு 'நீங்க யாரு?' என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? மாதாவே, அந்த ஒரு நாளை மட்டும் என் கண்ணில் காட்டாதே.

வெடுக்கென்று தாளைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தாள்.

"போதும். இதை நானே டாக்டர்ட்ட காட்டுதேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. என்ன வந்தாலும் நான் கூட இருக்கேன்."

ஹென்றி அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"டோக்கன் பதினாலு! எமில்டா... எமில்டா யாரு? உள்ள வாங்க."

"பேரை மாத்திக் கூப்பிடுதாங்க பாருங்க" என்று எமில்டா அவசரமாக எழுந்தாள். "சிஸ்டர், பேஷன்ட் இவுக. பேரு ஹென்றி."

ஹென்றி மெல்ல எழுந்து அவள் தோளில் கை வைத்தார்.

"சரியாத்தான் கூப்பிடுதாங்க, ஏளா... மூணு மாசமா உன் புதிரையெல்லாம் நான்தான் திருத்தி அனுப்புதேன்."