விழுந்தால் தூக்குவோம்

லெஸ்டர் மறுபடியும் விழுந்தார். முதுகு தார்த் தரையில் படுவதற்குள் எட்டுப் பத்துக் கைகள் நீண்டு அவரைத் தூக்கி நிறுத்தின. பச்சை முடிக்காரன் ஒருவன் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, அவனே மாட்டியும் விட்டான்.

"பெருசு, காலைலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லெஸ்டர் சிரிக்கவில்லை. நரைமுடி கலைந்திருக்க, மறுபடி அந்தக் கும்பலுக்குள் போனார்.

மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வட்டமாக ஓடுகிற இடம் அது. அதற்குப் பெயரே குழி. அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் நகருக்கு வெளியே ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஜூலை வெயிலில் தார் இளகி ஷூவில் ஒட்டியது. ஊர் ஊராகப் போகிற பங்க் ராக் இசை விழா. விடிந்தால் லாரிகள் அடுத்த ஊரில் நிற்கும்.

அடுத்த முறை விழுந்தபோது காவலுக்கு நின்றவன் வந்துவிட்டான். இன்னும் ஒரு தடவை விழுந்தால் கையில் கட்டியிருக்கிற அனுமதிப் பட்டையை வெட்டி வெளியே அனுப்பிவிடுவேன் என்றான். சாயங்காலம் வரைக்குமாவது இருக்க விடுங்கள் என்று லெஸ்டர் கெஞ்சினார். வேறு எதற்கும் அவர் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

பாவமாக இருந்ததால் டெஸ்ஸா குறுக்கே வந்தாள். ஒரு பாட்டுக் குழுவுக்குப் பனியன் விற்கிறவள், நாலு கோடையாக இந்த விழாவோடே சுற்றுகிறவள். என் ஆள்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவரைத் தன் கடைக்கு இழுத்து வந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள். அவரிடம் பீர் வாசனை கொஞ்சமும் இல்லை.

அவர் போட்டிருந்த பனியன்மேல் அவள் கண் போனது. முதுகில் போன வருடம் விழா நடந்த ஊர்களின் பெயர்கள். துணி அவர் வயிற்றை இறுக்கிப் பிடித்தது. மடித்து வைத்த கோடுகூட இன்னும் போகவில்லை.

"ரெண்டு சைஸ் சின்னது பெருசு. யாரு உங்க தலைல கட்டினா?"

"எனக்கு வாங்கினது இல்ல," என்று பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இந்த வயதில் எதற்கு வேண்டுமென்றே போய் விழுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் மழுப்பவில்லை. விழுந்தால் இங்கே தூக்குவார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்ததாகச் சொன்னார். அது தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது என்றும் சொன்னார்.

டெஸ்ஸாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளியே இருக்கிறவர்கள் எங்களைப் பார்த்து காட்டுக்கூட்டம் என்பார்கள், ஆனால் இங்கே ஒருத்தன் கீழே கிடக்க இன்னொருத்தன் ஆடமாட்டான், ஷூ கழன்றால்கூட தூக்கிப் பிடித்து யாருடையது என்று கேட்போம் என்றாள்.

"குழிக்குள்ள சரிம்மா. வெளிய விழுந்தா?"

"எங்க விழுந்தாலும் தூக்குவோம் பெருசு. இங்க யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்."

அவர் தண்ணீர் பாட்டிலை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மத்தியான வெயில் ஏறியது. லெமனேட் கடையில் கூட்டம் நெருக்கியது. லாரிகளின் ஓரத்தில் ஒரு முழ நிழல் விழுந்திருந்தது. அதில் வரிசையாக ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். வாயைத் திறந்துகொண்டு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, ஒருவர் காலில் இன்னொருவர் தலை வைத்துக்கொண்டு. ராத்திரியெல்லாம் வண்டியில் வந்தவர்கள். தூங்குகிறவனைத் தொந்தரவு செய்வது இங்கே பெரிய தப்பு.

டெஸ்ஸா ஐஸ் வாங்கப் போனபோது லெஸ்டரும் அங்கே கிடப்பதைப் பார்த்தாள். கடைசி லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு கை முறுக்கினாற்போல் கீழே அகப்பட்டிருக்க, குப்புறக் கிடந்தார். பெருசு களைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே அவர் காலைத் தாண்டிப் போனாள். திரும்பும்போதும் தாண்டித்தான் வந்தாள்.

நிழல் மெல்ல நகர்ந்து போய்விட்டது. வெயில் அவர் கழுத்தில் விழுந்தது. பச்சை முடிக்காரன் அந்தப் பக்கம் வந்தான், அடையாளம் கண்டுகொண்டு நின்றான். பக்கத்தில் இருந்தவளிடம் சத்தம் போடாதே என்று சைகை காட்டினான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு, பூனைபோல் நடந்து போனான்.

கடைசிப் பாட்டும் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். பனியன்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு டெஸ்ஸா அவரைத் தேடி வந்தாள். லாரியை எடுக்கப்போகிறார்கள். அவர் அப்படியே கிடந்தார்.

குனிந்து தோளைத் தட்டினாள். "எழுந்திருங்க பெருசு. நல்லாத் தூங்கிட்டீங்க."

அவர் உடனே கண்ணைத் திறந்தார். தூக்கத்திலிருந்து விழித்த கண் இல்லை அது. கழுத்து வெந்து சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. தார் பதிந்த கன்னத்தில் ஈரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நான் தூங்கலம்மா. போன வருஷம் இந்த விழாவுல இதே மாதிரி கிடந்து செத்துப்போன என் பையனும் தூங்கல."